எங்கே என்று யாரும் கேட்கவில்லை

தம்பி,

இன்று காலை கொடைக்கானல் நாயுடுபுரத்தில் குழாய்க்கு வாஷர் வாங்க ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் வேன் ஒன்று வந்து நின்றது. முதுகில் பெரிய பை சுமந்த ஒரு வெளிநாட்டுப் பெண் இறங்கினாள். அவள் என்னைக் கடந்து போகும்போது அந்த வாசனை அடித்தது. கொசு கடிக்காமல் இருக்கக் கையிலும் கழுத்திலும் தடவிக்கொள்வீர்களே, எலுமிச்சைத் தோலும் மண்ணெண்ணெயும் கலந்தமாதிரி, அந்தக் களிம்பு. கடைக்காரர் என்ன அளவு என்று கேட்டார். கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அளவு சேரவில்லை. குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்தத் தெரியாத மனிதன் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

எங்கள் மலையில் அந்தக் களிம்பைப் பூசுகிறவர்கள் வந்த புதிதில் இருப்பவர்கள் மட்டும்தான். இந்தக் குளிருக்குக் கொசுவே கம்பளி கேட்கும். சில நாளில் அவர்களுக்கும் அது தெரிந்துவிடும். களிம்பு பையின் அடிக்குப் போய்விடும். உன் களிம்பு அடிக்குப் போகவே இல்லை. அதற்கு வேண்டிய நாட்கள் உனக்குக் கிடைக்கவில்லை.

உனக்குத் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீ இருந்தபோதும் நான் உன்னிடம் தமிழில்தான் பேசினேன். நீ இங்கிலீஷில் பேசினாய். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம். நன்றாகத்தான் போனது. நான் பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன்; இரண்டு தடவையும் இங்கிலீஷ்தான் என்னைக் கவிழ்த்தது. அதனால் அந்த ஏற்பாடு எனக்கு வசதியாகவே இருந்தது.

பேத்துப்பாறையில் எங்கள் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி, வருகிறவர்களுக்கு விடலாம் என்று ஆரம்பித்த புதிது அது. பீன்ஸ் ஏமாற்றினால் அறை காப்பாற்றும் என்று ஒரு நினைப்பு. என் மகள் சத்யா அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் போனில் வீட்டைப் படமெடுத்துப் போட்டு, இங்கிலீஷில் நாலு வரி எழுதியவள். அதைப் பார்த்து வந்த முதல் ஆள் நீ. உன் பயணத்துக்கும் நாங்கள்தான் முதல் வீடு. போலந்தில் கிளம்பி, விமானம் மாறி மாறி மதுரையில் இறங்கி, லாட்ஜில் ஓர் இரவு ஹாரன் சத்தத்தில் கண்ணை மூடாமல் கிடந்து, மலை ஏறும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, மினி பஸ் மாறி எங்கள் வாசலில் வந்து இறங்கினாய். முதுகில் கேஸ் சிலிண்டர் உயரத்துக்கு ஒரு பை. வயிற்றில் கைக்குழந்தை மாதிரி இன்னொரு பை. காலில் யானைப்படம் போட்ட தொளதொளப் பேன்ட். மூக்கு மட்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"இம்புட்டு நீளமா இருக்காரே, கட்டில் பத்தாதே" என்றாள் என் மனைவி.

"கால மடக்கிக்கிருவாரு."

"ஆமா, ஒங்கள மாதிரி ஆளா இருந்தா மடக்கலாம். அவருக்கு மடக்குனா முட்டி செவத்துல இடிக்கும்."

நான் ஒரு காலித் தக்காளிப் பெட்டியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து, அதன்மேல் ஒரு தலையணையைப் போட்டேன். மறுநாள் காலையில் நீ வெளியே வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டாய். எனக்குக் கூச்சமாகிவிட்டது. தக்காளிப் பெட்டிக்குக் கும்பிடு வாங்கியவன் இந்த மலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் நீ எல்லாவற்றுக்கும் பயந்தாய். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால், அது கொதித்ததா என்று சத்யாவிடம் தனியாகக் கேட்டாய். வாழைப்பழத்தைத் தோல் உரிப்பதற்குமுன் பாட்டில் தண்ணீரில் கழுவினாய். அதை மேல்வீட்டு மாரியப்பன் அண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏலே, ஒங்க வெள்ளக்காரன் வாழப்பழத்தக் கழுவுறான். தோலோட திம்பானோ?"

"சுத்தக்காரருண்ணே. கழுவட்டும்."

"நாளைக்கு முட்டையக் கழுவி ஒடைப்பான் பாரு."

மறுநாள் நீ முட்டையைக் கழுவினாய். மாரியப்பன் அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி டீக்கடையில் சிரித்தார். ஆனால் ரசத்துக்கு மட்டும் நீ பயப்படவில்லை. என் மனைவி ஊற்றிக் கொடுத்ததை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் டம்ளரை நீட்டினாய். அவளுக்கு அதிலேயே நீ வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டாய். "ஒடம்புக்கு ஆவாதத அது கேக்காது பாருங்க, நல்ல வயிறு" என்றாள். தெருநாய் ஒன்று உன் பின்னாலேயே சுற்றியது. அதை அவள் "வெரசா போ, வெரசா போ" என்று விரட்டுவதைக் கேட்டு, நாயின் பெயர் வெரசா என்று நினைத்துக்கொண்டு நீ அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தாய். நாங்கள் திருத்தவில்லை. நாயும் ஏற்றுக்கொண்டது.

இரண்டு சாயங்காலமும் நீ கீழே வளைவுக்குப் போனாய். எங்களுக்கு டவர் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். போனை உயர்த்திப் பிடித்து, உன் அம்மாவுக்கு மலையைக் காட்டினாய், பீன்ஸ் கொடியைக் காட்டினாய், இரண்டாம் நாள் என்னையும் காட்டினாய். நான் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றி வணக்கம் சொன்னேன். அந்த அம்மா ஏதோ சொன்னார். நீ அதை இங்கிலீஷில் சொல்ல, சத்யா தமிழில் சொன்னாள்: "எம் மகனப் பாத்துக்கங்கன்னு சொல்றாங்கப்பா." நான் பெரிய மனிதன் மாதிரி, "நோ பிராப்ளம்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி அது.

ஒரு வருஷம் சுற்றப்போவதாகச் சொன்னாய். நேபாளம், வியட்நாம், இன்னும் என் வாயில் நுழையாத ஊர்கள். அத்தனைக்கும் முன்னால் இந்த மலை. இங்கே கொஞ்சம் நடந்து பழகிக்கொண்டு, பயம் தெளிந்து, பிறகு மற்ற ஊர்கள். சத்யா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணும் ஒருநாள் இப்படி மூட்டை கட்டுவாள் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

எனக்குச் சகுனத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால், பூனைக்கு ஏதோ சோலி இருக்கிறது என்று போய்விடுகிற ஆள். ஆனாலும் அந்த நாட்கள் சரியாக இல்லை. காலம் தப்பி மழை கொட்டி ஓய்ந்திருந்தது. நடக்கிற பாதையில் கல் கால் வைத்தால் நகர்ந்தது. சோலைக்காட்டுப் பக்கம் பறவைச் சத்தமே இல்லை. அங்கிருந்து ஒரு ஈரக்காற்று மட்டும் விட்டுவிட்டு வந்தது. இரண்டாம் நாள் பட்டப்பகலில் ஒரு காட்டுமாடு பீன்ஸ் வேலியோரம் வந்து நின்றது. கொடியைத் தின்னவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது. காட்டுமாடு எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் தின்ன வராமல் பார்க்க வந்த மாட்டை நான் அன்றுதான் பார்த்தேன்.

நீ போனைத் தூக்கிக்கொண்டு அதன் கிட்டே போனாய். நான் அலறினேன். "நோ, நோ! நோ பிராப்ளம் இல்ல, பிராப்ளம், பிராப்ளம்!" நீ சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாய். மாடு சிரிக்கவில்லை. வெகுநேரம் நின்றுவிட்டு, மெதுவாகத் திரும்பிச் சரிவில் இறங்கிப் போனது.

அன்று மாலை வனத்துறை வாட்சர் ஒருவர் டீ குடிக்க வந்தார். "கீழ ஓடைப் பக்கம் யாரும் போகாதீங்க. பாறையெல்லாம் பாசி பிடிச்சுக் கெடக்கு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். சத்யா உனக்கு அதைச் சொன்னாள். நீ தலையை ஆட்டினாய். நீ எதற்கும் தலையை ஆட்டுவாய் என்பது அதற்குள் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு முற்றத்தில் நின்று நீ ஒவ்வொரு பக்கமாகக் கையை நீட்டினாய். அங்கே என்ன? மேலே போனால் கொடைக்கானல் ரோடு. அங்கே? கீழே ஓடை, அருவி. அந்தப் பக்கம்? இறங்கினால் பழனி. இந்தப் பக்கம்? தோட்டங்கள் தாண்டி, மலை தாண்டி, கன்னிவாடி. நாலு பக்கத்தையும் ஒரே ஆசையோடுதான் பார்த்தாய். எது உன்னை அதிகம் இழுத்தது என்று உன் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. பிற்பாடு அந்த முகத்தை எத்தனை முறை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன். இன்றும் தெரியவில்லை.

படுக்கப் போகும்முன் சத்யா உனக்கு ஒரு பாடம் நடத்தினாள். எங்கள் வீட்டில் 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வாறேன்' என்றுதான் சொல்லவேண்டும். நீ அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தாய். நாக்கு எங்கெங்கோ போனது. என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மூன்றாம் நாள் வெள்ளனே எழுந்துவிட்டாய். நான் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சத்யா படியில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். பெரிய பையை அறையிலேயே வைத்துவிட்டு, முதுகில் சின்னப் பையும் மஞ்சள் மழைச்சட்டையுமாக நீ வெளியே வந்தாய். ஷூக் கயிற்றைக் குனிந்து முடிந்தாய். சத்யா ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.

"ஏய், கெளம்புறவங்கள எங்கன்னு கேக்காதடி" என்றாள் என் மனைவி. "போற காரியம் வெளங்குமா?"

இது உனக்கு யாரும் சொல்லித்தராத பாடம், தம்பி. வீட்டைவிட்டு ஒருவர் காலெடுத்து வைக்கும்போது எங்கே என்று கேட்பது எங்களிடம் ஆகாது. கேட்டால் போகிறவருக்குத் தடங்கல். அவ்வளவு தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால், தூரமா என்று பட்டும்படாமல் கேட்கலாம். என் மனைவி அதையும் செய்தாள்.

"தூரமா தம்பி?"

தமிழில்தான் கேட்டாள். நீ சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினாய். பிறகு கையைக் கூப்பி, மனப்பாடம் செய்த பையன் மாதிரி, "போய்த்து வாரேன்" என்றாய். எங்கள் மூன்று பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று ஆளுக்கொரு தரம் சொன்னோம். நாய் உன் பின்னால் ஓடியது. வளைவு வரைக்கும் மஞ்சள் சட்டை தெரிந்தது. வளைவுக்கு அப்பால் பாதை பிரிகிறது. எந்தப் பக்கம் போனாய் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அதுவும் ஆகாது.

மத்தியானத்துக்குள் மலையே மறைந்துவிட்டது. மூடுபனி எங்களுக்குப் பழக்கம்தான். அன்று வந்தது அப்படியில்லை. பீன்ஸ் கொடி தெரியவில்லை, வேலி தெரியவில்லை, கையை நீட்டினால் விரல் மங்கியது. சாப்பாட்டு நேரம் தாண்டி நாய் மட்டும் வந்தது. வயிறு வரைக்கும் நனைந்திருந்தது. என் மனைவி சோறு வைத்தாள். மோந்துகூடப் பார்க்கவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

"ஒங்க வெள்ளக்காரன் நாயக் கழுவி அனுப்பிச்சிருக்கான் போல" என்றார் மாரியப்பன் அண்ணன். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர் மாதிரி எழுந்து, பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருட்டும் நேரம் வந்தும் நீ வரவில்லை. சத்யா வளைவில் போய் நின்று உன் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள், கிடைக்கவில்லை. நாலைந்து பேர் டார்ச்சோடு சேர்ந்தோம். எந்தப் பக்கம் போவது? கொடைக்கானல் பார்க்காமல் யார் வருவார்கள், ரோட்டைப் பிடித்து மேலேதான் ஏறியிருப்பான் என்றார் ஒருவர். நியாயமாகத்தான் பட்டது. மேலே போனோம். "தம்பி, தம்பி" என்று கத்தினேன். உன் பெயரைக் கத்தினால் சரியாக வராது என்று எனக்குக் கூச்சம். அந்த நேரத்திலும் மனுஷனுக்குக் கூச்சம் போவதில்லை பார். கத்தியது பனிக்குள் போய்ப் புதைந்தது. எதிரொலிகூட வரவில்லை.

மறுநாள் போலீஸ் வந்தது, வாட்சர்கள் வந்தார்கள், பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"எங்க போறேன்னு சொன்னாரு?" என்றார் போலீஸ்காரர்.

"சொல்லலிங்க."

"நீங்க கேக்கலியா?"

"கெளம்புறப்ப எப்படிங்கய்யா கேக்கிறது?"

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. "எங்க வீட்லயும் கேக்க மாட்டாக" என்றார் மெதுவாக. அதைத் தாளில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டார்.

ஊர் ஜனம் முழுக்க அன்று என்னைக் கேட்டது. மினி பஸ் டிரைவர் கேட்டார், டீக்கடைக்காரர் கேட்டார். காலையில் உன்னைப் பாதையில் பார்த்தவர்களும் இருந்தார்கள். வளைவுக்கு இந்தப் பக்கத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு நீ கை காட்டியிருக்கிறாய். அவளும் கேட்கவில்லை. "பயணம் போற பிள்ளைய எங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். ஒருவர் பழனிப் பக்கம் என்றார். கன்னிவாடிப் பக்கம் இறங்கியிருக்கலாம் என்றார் இன்னொருவர். பனி விலகவில்லை. ஆட்கள் நாலாகப் பிரிந்து நாலு பக்கமும் போனார்கள். அதனால் எந்தப் பக்கமும் ஆள் போதவில்லை.

முந்தின சாயங்காலம் போன் வராததால் உன் வீட்டில் பயந்துபோயிருந்தார்கள். சத்யாவின் எண்ணைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார்கள். வளைவில் நின்று பேசினோம். திரையில் உன் அம்மா, பக்கத்தில் உன் அக்கா. அம்மா பேசியதை அக்கா இங்கிலீஷில் சொல்ல, அதைச் சத்யா தமிழாக்கினாள். ஒரு கேள்வி வந்துசேர இரண்டு மொழி தாண்டவேண்டியிருந்தது.

"எங்க போனாருன்னு கேக்கறாங்கப்பா."

"தெரியலன்னு சொல்லும்மா."

சொன்னாள். அந்தப் பக்கம் பேசிக்கொண்டார்கள்.

"வீட்ல அத்தன பேரு இருந்தீங்களே, ஒருத்தர்கூடவா எங்கன்னு கேக்கலங்கறாங்க."

"கேட்டா ஆகாதுன்னு சொல்லு" என்றாள் என் மனைவி.

"அத எப்படிம்மா இங்கிலீஷ்ல சொல்றது?"

"அவரு நல்லபடியாப் போயிட்டு வரணும்னுதான் கேக்கலன்னு சொல்லு."

சத்யா அதைச் சொன்னாள். உன் அக்கா கொஞ்சம் யோசித்து அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். தன் மொழியில் சொன்ன பிறகும் வேறு மொழி கேட்கிறவர் மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டவர் போய்விட்டது.

அடுத்த நாள் காலையில் பனி சற்றுக் கிழிந்தது. காப்பிப் பழம் பறிக்கப் போன பெண்கள்தான் ஓடைச் சரிவில் மஞ்சளாக எதையோ பார்த்திருக்கிறார்கள். நீ அருவிக்குத்தான் போயிருக்கிறாய். அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பியும் இருக்கிறாய். வரும் வழியில் பனி மூட, பாதை இடது கைப்பக்கம் திரும்புகிற இடத்தில் நீ நேரே நடந்திருக்கிறாய். பாறை வழுக்கிவிட்டது. நீ கிடந்த இடத்துக்கும் பாதைக்கும் கூப்பிடு தூரம்தான். பாதையில் நின்று நாங்கள் ஒரு குரல் கொடுத்திருந்தால் உனக்குக் கேட்டிருக்கும்.

டாக்டர் சொன்ன ஒன்றை நான் சத்யாவிடம் சொன்னதில்லை. அவள் பெரியவளான பிறகும் சொல்லவில்லை. கால் முறிந்து, அந்த முதல் ராத்திரி முழுக்க நீ உயிரோடு இருந்திருக்கிறாய். நாங்கள் அப்போது மேலே, ரோட்டுப் பக்கம் பார்த்துத் 'தம்பி, தம்பி' என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம்.

உன் அம்மாவும் அக்காவும் வந்தார்கள். மதுரையில் ஆஸ்பத்திரி, போலீஸ் வேலைகளை முடித்துக்கொண்டு, உன் பையை எடுக்க மலைக்கு வந்தார்கள். என்ன சொல்வார்களோ என்று நான் பீன்ஸ் வேலிக்குப் பின்னால் போய், இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தேன். சத்யா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அந்த அம்மா உன் அறையில் நின்றிருந்தார். கட்டிலின் கால்மாட்டிலிருந்த தக்காளிப் பெட்டியைக் காட்டி, என்ன இது என்று கேட்டார். சத்யா சொன்னாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார் என்று சொல்லமுடியாது. ஆனால் முகம் கொஞ்சம் இளகியது. வீட்டிலும் உன் கால் கட்டிலுக்கு வெளியேதான் இருக்குமாம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம்.

என் மனைவி ரசம் வைத்திருந்தாள். டம்ளரில் கொடுத்தாள். அந்த அம்மா முழுவதும் குடித்தார். இருவருக்கும் பேச ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

கார் வந்தது. உன் பையை நான் தூக்கி வைத்தேன். அந்த அம்மா படியிறங்கிக் காலை வெளியே வைக்கும்போது என் மனைவி எழுந்து போய், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா போறீங்க?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைக்கூட அவள் அப்படிக் கேட்டதில்லை. டிரைவர் உள்ளூர்க்காரர், அவரும் திரும்பிப் பார்த்தார். சத்யா மெதுவாக இங்கிலீஷில் கேட்டாள். உன் அக்கா அம்மாவிடம் சொன்னார். உன் அம்மா கையை விடுவித்துக்கொள்ளாமல் நின்று பதில் சொன்னார். இங்கிருந்து மதுரை. மதுரையிலிருந்து டெல்லி. அங்கிருந்து உன்னோடு சேர்ந்து அவர்கள் ஊர். ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆறு, ஆற்றைத் தாண்டி ஒரு சின்ன இடம், அங்கே உன் அப்பா இருக்கிறார், அவருக்குப் பக்கத்தில் உன்னை வைக்கப்போகிறார்கள். என் மனைவி ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையை ஆட்டினாள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் கையை விட்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரையும் கேட்கிறோம். முதலில் மாட்டியவர் மாரியப்பன் அண்ணன். வெள்ளைவேட்டி கட்டி, விபூதி பூசி, மகனுக்குப் பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே கெளம்பிட்டீங்க?"

நின்றவர் என்னைப் பார்த்த பார்வையில் பீன்ஸ் கொடி வாடியிருக்கும். "ஏலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? நல்ல காரியத்துக்குப் போறவன எங்கங்கிற?"

திரும்பி வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பி, என் கண்ணில் படாமல் இருக்கக் காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து போனார். சம்பந்தம் கூடிவிட்டது. வெற்றிலை பாக்கு வைக்க வந்தபோது, "நீ கேட்டுங்கூட முடிஞ்சிருச்சுலே" என்றார். வசவு வாங்குவதும் இப்போது பழகிவிட்டது. ஊரில் சிலர் என்னைத் தூரத்தில் பார்த்ததும், கிளம்பாதவர்கள் மாதிரி நின்றுவிடுகிறார்கள்.

உன்னைப் போல வருகிறவர்கள் பரவாயில்லை. கோபப்படுவதில்லை. அவர்கள் ஷூக் கயிறு முடியும்போது நான் போய் நின்று, "வேர் கோயிங்?" என்பேன். இலக்கணம் சரியில்லை என்று சத்யா கோயம்புத்தூரிலிருந்து போனில் சொல்கிறாள். சரியில்லாமலே எல்லோருக்கும் புரிகிறது. போகிற இடம், பாதை, திரும்பும் நேரம் எல்லாம் சொல்லவைத்து, நான் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்வேன். கேட்டபடியால் தடங்கல் வராமல் இருக்க என் மனைவி வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அவர்களை உட்காரவைத்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பாள். குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். மலைவாசிகளின் பழைய வழக்கம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் படமெடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் திருத்துவதில்லை.

அந்த நாற்காலி பள்ளத்தாக்கைப் பார்த்துக் கிடக்கிறது. அன்று நீ வளைவைத் தாண்டிப் போன பிறகு நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கீழே ஓடைப் பக்கமிருந்து வெள்ளையாக ஒரு கீற்று அப்போதுதான் மேலே ஏற ஆரம்பித்திருந்தது. யாராவது எங்கே என்று கேட்டிருந்தால் உனக்குத் தடங்கல் ஆகியிருக்கும். நீ திரும்பி வந்து உட்கார்ந்திருப்பாய். ஒரு டம்ளர் தண்ணீரை, கொதித்ததுதானா என்று கேட்டுவிட்டு, நீ உன் வழக்கப்படி மெதுவாகக் குடித்து முடிப்பதற்குள் அந்தக் கீற்று உன் கண்ணிலும் பட்டிருக்கும்.